ஒரு வார்த்தை சொன்னால் விடுதலை! மூன்று ஆண்டு விலங்கிலும் மாறாத தேவசகாயம்

எருமை மாட்டின் மேல் ஒரு மனிதர். முகம் வால் பக்கம் பார்த்து இருக்கிறது. கையிலும் காலிலும் விலங்கு. கழுத்தில் எருக்கம்பூ மாலை.

முன்னும் பின்னும் சேவகர்கள். பறை அடித்துக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். தெருவில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சிலர் சிரிக்கிறார்கள். சிலர் கண்ணீர் விடுகிறார்கள்.

அந்த மனிதர் திருடர் அல்ல, கொலைகாரரும் அல்ல. நேற்றுவரை அரண்மனையில் அதிகாரியாக இருந்தவர். அவரைக் கண்டால் இதே சேவகர்கள் கை கட்டி நின்றிருப்பார்கள்.

அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். விலங்கு கழன்றுவிடும். உத்தியோகம் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்குப் போகலாம். மனைவியைப் பார்க்கலாம்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகள் சொல்லவில்லை. கடைசியில் துப்பாக்கிகளின் முன் நின்றபோதும் சொல்லவில்லை.

அவர்தான் தேவசகாயம்.

நட்டாலத்துப் பிள்ளை

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. அங்கே நட்டாலம் என்ற ஊரில் 1712-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந்தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தகப்பனார் வாசுதேவன் நம்பூதிரி. தாயார் தேவகி அம்மாள். குழந்தைக்கு நீலகண்டன் என்று பெயர் வைத்தார்கள்.

தாயாரின் குடும்பம் நாயர் குடும்பம். அங்கே மருமக்கள் தாய முறை நடந்து வந்தது. அதாவது, பிள்ளைகள் தாய் வீட்டைச் சேர்ந்தவர்கள். தாய் மாமன்மாரே அவர்களை வளர்ப்பார்கள். நீலகண்டனும் அப்படித்தான் வளர்ந்தார். தமிழும் மலையாளமும் சமஸ்கிருதமும் படித்தார். வாள் வீச்சும் வர்மக் கலையும் பழகினார். கோவிலும் பூஜையும் விரதமும் உள்ள வீடு அது.

அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் மார்த்தாண்டவர்ம மகாராஜா. 1729-ம் ஆண்டில் பட்டத்துக்கு வந்தவர். சிறு சிறு நாடுகளை எல்லாம் சேர்த்துத் திருவிதாங்கூரைப் பெரிய ராஜ்யமாக ஆக்கியவர் அவரே. தலைநகரம், தக்கலைக்குப் பக்கத்தில் உள்ள பத்மநாபபுரம்.

நீலகண்ட பிள்ளைக்கு அந்த அரண்மனையில் வேலை கிடைத்தது. அங்குள்ள நீலகண்டசுவாமி கோவிலிலும் அவர் பொறுப்பு வகித்தார். மேக்கோடு என்னும் ஊரைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்துகொண்டார். நல்ல உத்தியோகம், நல்ல மனைவி, ஊரில் மரியாதை. குறை ஒன்றும் இல்லை.

தோற்றுப்போன தளபதி

அந்தச் சமயத்தில் குளச்சல் கடற்கரையில் ஒரு பெரிய சண்டை நடந்தது.

மிளகு வியாபாரத்தைக் கைக்குள் வைத்துக்கொள்ள டச்சுக்காரர்கள் விரும்பினார்கள். அதற்குத் தடையாக நின்றவர் மார்த்தாண்டவர்மர். டச்சுப் படை குளச்சலில் வந்து இறங்கியது. 1741-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்தப் படை தோற்றுச் சரண் அடைந்தது. ஐரோப்பியப் படை ஒன்றை இந்திய ராஜா ஒருவர் முறியடித்தார் என்று அந்தச் சண்டை இன்றும் பேசப்படுகிறது.

பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்ற தளபதி. அவருடைய திறமையைக் கண்ட மகாராஜா அவரைக் கொல்லவில்லை. தம் படைக்கே பயிற்சி கொடுக்கும் வேலையைக் கொடுத்தார். டிலனாய் திருவிதாங்கூர் சேனையைப் புதிய முறையில் பழக்கினார். உதயகிரிக் கோட்டையைப் பலப்படுத்தினார். ஜனங்கள் அவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். அவர் 1777-ம் ஆண்டில் இறந்தபோது அதே கோட்டைக்குள் அடக்கம் செய்தார்கள். அவருடைய கல்லறையை இன்றும் அங்கே காணலாம்.

டிலனாய் கத்தோலிக்க கிறிஸ்தவர். நீலகண்ட பிள்ளை அரண்மனை அதிகாரி. வேலை காரணமாக இருவரும் அடிக்கடி சந்தித்தார்கள். பழக்கம் நட்பு ஆயிற்று.

யோபுவின் கதை

ஒரு நாள் நீலகண்ட பிள்ளை முகம் வாடி இருந்தார். வீட்டில் அடுத்தடுத்துக் கஷ்டம். ஆடு மாடுகள் செத்துப் போயின. பயிர் அழிந்தது. செய்யாத பூஜை இல்லை. ஆனாலும் துன்பம் நிற்கவில்லை. கடவுளுக்கு என் மேல் என்ன கோபம் என்று அவர் நண்பரிடம் கேட்டாராம்.

டிலனாய் அவருக்கு விவிலியத்தில் உள்ள யோபுவின் கதையைச் சொன்னார்.

யோபு பெரிய செல்வர். ஏழாயிரம் ஆடுகள், மூவாயிரம் ஒட்டகங்கள், பத்துப் பிள்ளைகள். ஒரே நாளில் எல்லாம் போயிற்று. பிள்ளைகளும் மாண்டார்கள். உடம்பு முழுவதும் புண் வந்தது. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டினால் சுரண்டிக்கொண்டார். கடவுளைத் தூஷித்துவிட்டுச் செத்துப் போகும்படி மனைவியே சொன்னாள். யோபு மறுத்துவிட்டார். கேள்வி கேட்டார்; அழுதார்; வாதாடினார். ஆனால் கடவுளை விட்டு விலகவில்லை.

துன்பம் வந்தால் அது பாவத்தின் தண்டனை என்றுதான் நீலகண்ட பிள்ளை எண்ணியிருந்தார். நல்லவனுக்கும் துன்பம் வரும், அந்தத் துன்பத்திலும் கடவுள் கைவிடமாட்டார் என்பது அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது. அது அவர் மனத்தில் பதிந்தது. மேலும் மேலும் கேட்டார். கிறிஸ்தவராகச் சேர வேண்டும் என்று தீர்மானித்தார்.

வடக்கன்குளத்தில் புதுப் பெயர்

திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, திருநெல்வேலிச் சீமையில் உள்ளது வடக்கன்குளம். அங்கே இயேசு சபையைச் சேர்ந்த புத்தாரி சுவாமியார் இருந்தார். அவரிடம் டிலனாய் தம் நண்பரை அனுப்பி வைத்தார்.

வந்தவர் அரண்மனை அதிகாரி. நாளை ஆபத்து வந்தால் தாங்குவாரா? பாதியில் விட்டுவிட்டால் என்ன செய்வது? சுவாமியார் யோசித்தார். உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. அவரை நன்றாகச் சோதித்து, வேதத்தைக் கற்பித்த பிறகே சம்மதித்தார்.

1745-ம் ஆண்டு மே 14-ந்தேதி நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 33. லாசர் என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயருக்குக் கடவுளின் உதவி என்று பொருள். அதையே தமிழில் தேவசகாயம் என்றார்கள்.

மனைவி பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். உறவினர்களை எண்ணிப் பயந்தார். பிறகு கணவரின் வழியே தம் வழி என்று அவரும் ஞானஸ்நானம் பெற்றார். தெரேசா என்ற பெயர் தமிழில் ஞானப்பூ ஆயிற்று.

ஊரில் எழுந்த பகை

ஞானஸ்நானம் பெற்றபின் தேவசகாயம் உத்தியோகத்தை விடவில்லை. அரண்மனைக்கு வழக்கம்போல் போய் வந்தார். ஆனால் அவருடைய நடை மாறிவிட்டது.

அந்தக் காலத்தில் திருவிதாங்கூரில் ஜாதிக் கட்டுப்பாடு மிகக் கடுமை. தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்டவர்கள் மேல் ஜாதியார் அருகில் வரக்கூடாது. இத்தனை அடி தூரத்தில் நிற்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தேவசகாயம் அந்தக் கணக்கை மதிக்கவில்லை. அவர்களுடைய குடிசைகளுக்குப் போனார். சேர்ந்து உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். தாம் ஏற்ற வேதத்தை அவர்களுக்கும் சொன்னார்.

உறவினர்களுக்கு இது பெரிய அவமானம். அரண்மனையில் சிலருக்குக் கடும் கோபம். ராஜாவின் காதில் புகார் மேல் புகார் போட்டார்கள்.

1749-ம் ஆண்டு பிப்ரவரி 23-ந்தேதி தேவசகாயம் கைது செய்யப்பட்டார். ஞானஸ்நானம் பெற்று நாலு ஆண்டுகூட நிறையவில்லை.

கைதுக்குக் காரணம் என்ன என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. மதம் மாறியதற்காக அல்ல, ராஜ காரியத்தில் செய்த குற்றத்துக்காகவே தண்டித்தார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். மார்த்தாண்டவர்மரின் சேனையில் கிறிஸ்தவரான டிலனாய் உயர்ந்த பதவியில் இருந்ததை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். கத்தோலிக்க திருச்சபையோ நெடுங்காலம் விசாரித்து, விசுவாசத்துக்காகவே அவர் உயிர் கொடுத்தார் என்று முடிவு செய்தது. டிலனாய் வெளிநாட்டவர், பிறப்பிலேயே கிறிஸ்தவர். ஆனால் தேவசகாயம் அரண்மனைக்கும் கோவிலுக்கும் உரிய குடும்பத்தில் பிறந்தவர். அவர் மாறியதும், மாறியபின் ஜாதிக் கட்டை மீறியதும் அந்தக் காலத்து அதிகாரிகளால் பொறுக்க முடியாத காரியங்கள்.

பழைய மார்க்கத்துக்குத் திரும்பினால் பதவி உண்டு, இல்லாவிட்டால் தண்டனை உண்டு என்று அவரிடம் சொன்னார்கள். அவர் திரும்ப மறுத்துவிட்டார்.

அடியும் மிளகும்

முதலில் அவரைக் கொன்றுவிடவே உத்தரவாயிற்று என்றும், பிறகு அதை நிறுத்தி வைத்தார்கள் என்றும் சொல்வார்கள். மற்றவர்கள் அவரைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எண்ணினார்கள். அதன் பிறகுதான் எருமை மாட்டு ஊர்வலம் தொடங்கியது.

முள் உள்ள கம்பால் அடித்தார்கள். அடிபட்ட புண்ணில் மிளகுப் பொடி தேய்த்தார்கள். சுடுகிற வெயிலில் உட்கார வைத்தார்கள். தாகத்துக்குக் கேட்டால் நாற்றம் பிடித்த தண்ணீரைக் கொடுத்தார்கள்.

எதிரில் இருந்தவர்கள் வாளோடு வந்திருந்தால் அவரும் வாளோடு நின்றிருப்பார். வாள் வீச்சு தெரிந்தவர்தானே. ஆனால் இது வேறு வகைச் சண்டை. இதில் தாங்குவதுதான் வீரம். அடித்தவர்களை அவர் சபிக்கவில்லை. அவர்களுக்காக ஜெபம் செய்தார் என்று ஜனங்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

புலியூர்க்குறிச்சியில் ஒரு நாள் தாகம் தாங்க முடியவில்லை. பாறை ஒன்றின் பக்கத்தில் அவர் கடவுளை வேண்டி, முழங்கை முட்டால் பாறையை இடித்தார். தண்ணீர் சுரந்தது என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று அந்த இடத்துக்குப் பெயர். இன்றும் ஜனங்கள் அங்கே போய்த் தண்ணீர் எடுத்து வருகிறார்கள்.

பெருவிளை வேப்பமரம்

பிறகு அவரை நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள பெருவிளைக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்தார்கள். மழை, வெயில், பனி எல்லாம் அந்த மரத்தடியில்தான். சுமார் ஏழு மாதம் அங்கே கிடந்தார்.

அவரைப் பார்த்துப் பயப்படுவார்கள் என்று எதிர்பார்த்த ஜனங்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். கிறிஸ்தவர்கள் வந்தார்கள், இந்துக்களும் வந்தார்கள். நோயாளிகள் வந்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் வந்தார்கள். மரத்தில் கட்டுண்ட மனிதர் அவர்களுக்கு ஆறுதல் சொன்னார்.

காவல் காத்த சேவகர்களின் மனமும் இளகியது. அவர் ஓடிப் போனால் தாங்கள் கண்டுகொள்ளாமல் இருப்பதாக அவர்களே சொன்னார்களாம்.

இதுதான் மிகப் பெரிய சோதனை. அடிக்கிறவனை எதிர்த்து நிற்க மனம் தானாகவே உறுதிப்படும். இரக்கப்பட்டுக் கதவைத் திறந்து விடுகிறவன் முன்னால் உறுதியாக நிற்பது கஷ்டம். வீட்டில் மனைவி காத்திருக்கிறார். எல்லை தாண்டினால் வடக்கன்குளம். வேதத்தை மறுக்கவும் வேண்டியதில்லை. இருட்டில் நடந்தால் போதும்.

தேவசகாயம் போகவில்லை. தாம் ஓடிப் போனால், தம்மைப் பார்த்துத் துணிவு கொண்டவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவர் எண்ணினார். தம்மிடம் இரக்கம் காட்டிய சேவகர்களுக்குத் தண்டனை வரும் என்பதும் அவருக்குத் தெரியும். மரத்தடியிலேயே இருந்தார்.

உறுதியின் ரகசியம்

அவருக்கு அந்த உறுதி எங்கிருந்து வந்தது?

அவர் கல் அல்ல. நம்மைப் போன்ற மனிதர்தான். உடம்பு வலிக்கும், மனம் சோரும். ஆனால் அவர் ஒரு பழக்கத்தைக் கைவிடவில்லை. விலங்கு மாட்டிய கைகளைச் சேர்த்துத் தினமும் ஜெபம் செய்தார். வருகிறவர்களிடம் தம் துன்பத்தைப் பற்றிப் பேசாமல் வேதத்தைப் பற்றிப் பேசினார். மனைவிக்கும் தைரியம் சொன்னார். குரு ஒருவர் யாரும் அறியாமல் வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, நற்கருணை கொடுத்தார் என்றும் சொல்வார்கள்.

மூன்று ஆண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் யாருக்கும் பயம்தான் வரும். அவர் அப்படிப் பார்க்கவில்லை. இன்று ஒரு நாள் நிலைத்து நிற்க வேண்டும் என்று நின்றார். நாளைக்கு நாளை என்று இருந்தார். அப்படி நின்ற நாட்கள்தான் ஆயிரத்துக்கு மேல் ஆயின.

காற்றாடி மலை

ஜனக்கூட்டம் அதிகமாயிற்று. அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு போகும்படி உத்தரவு வந்தது.

ஆரல்வாய்மொழி ஒரு கணவாய். மலைகளின் இடுக்கில் காற்று இரவும் பகலும் சீறும். இன்று அந்தப் பக்கம் போகிறவர்கள் நூற்றுக்கணக்கான காற்றாலைகளைக் காணலாம். அங்கே உள்ள குன்றுக்கு அந்தக் காலத்திலேயே காற்றாடி மலை என்று பெயர்.

அங்கேயும் ஜனங்கள் தேடி வந்தார்கள். கடைசியில் அவரைச் சுட்டுக் கொல்லும்படி ரகசிய உத்தரவு பிறந்தது.

1752-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி. இரவு நேரம். சேவகர்கள் அவரை அழைத்தார்கள். எதற்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விலங்கு பூட்டிய கால்களால் மலை ஏற முடியவில்லை. சேவகர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேலே போனதும் சற்று நேரம் ஜெபம் செய்ய அனுமதி கேட்டார். கொடுத்தார்கள். பாறையின் மேல் முழந்தாளிட்டார். ஜெபம் முடிந்தது. துப்பாக்கிகள் வெடித்தன. தேவசகாயம் சாய்ந்தார்.

அப்போது அவருக்கு வயது 39. கிறிஸ்தவராக வாழ்ந்தது ஏழு ஆண்டுகூட இல்லை. அதில் ஏறக்குறைய மூன்று ஆண்டு விலங்கில் கழிந்தது.

உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாட்களுக்குப் பின் கிறிஸ்தவர்கள் மலைக்குப் போனார்கள். மிஞ்சியிருந்த எலும்புகளைப் பொறுக்கி எடுத்து வந்தார்கள். கோட்டாறு சவேரியார் கோவிலில், பீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தார்கள்.

ஞானப்பூ அம்மாள் என்ன ஆனார்? அவர் சொந்த ஊரில் இருக்க முடியவில்லை. கணவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்துக்குப் போனார். அங்கே பல ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து 1766-ம் ஆண்டில் இறந்தார். அவரும் கடைசிவரை வேதத்தை விடவில்லை. கணவரின் கதை ஊருக்குத் தெரியும். தனியாக நின்று காத்த அந்த அம்மாளின் உறுதி பலருக்குத் தெரியாது.

புனிதர் பட்டம்

தேவசகாயம் இறந்து நாலு ஆண்டில், 1756-ல், கொச்சி மேற்றிராணியார் ரோமாபுரிக்கு அனுப்பிய அறிக்கையில் அவருடைய மரணத்தைப் பற்றி எழுதினார். அதன் பிறகு நீண்ட காலம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் தென்கோடி ஜனங்கள் அவரை மறக்கவில்லை. கோட்டாற்றில் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். காற்றாடி மலைக்கு நடந்து போனார்கள். அவர் கதையைப் பாட்டாகப் பாடினார்கள், நாடகமாக நடித்தார்கள்.

2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி நாகர்கோவிலில் பெருங்கூட்டத்தின் முன் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. 2022-ம் ஆண்டு மே 15-ந்தேதி ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அன்று புனிதர் பட்டம் பெற்றவர்கள் மொத்தம் 10 பேர். குருவும் அல்லாமல், துறவியும் அல்லாமல், குடும்பத்தில் வாழ்ந்த இந்தியர் ஒருவர் புனிதர் ஆனது அதுவே முதல் தடவை.

இன்னொரு செய்தியும் உண்டு. புனிதர் பட்டத்துக்கு முன்பே, ரோமாபுரி அவருடைய பெயரில் இருந்த பிள்ளை என்ற ஜாதிப் பெயரை எடுத்துவிட்டது. ஜாதி பாராமல் குடிசைகளில் சேர்ந்து உண்டவருக்கு அது பொருத்தமான மரியாதை.

உறுதி என்பது

விசுவாசத்தை விட்டு விலகுகிறவன் ஒரே நாளில் விலகுவது இல்லை. முதலில் ஜெபம் குறையும். பிறகு பயம் வளரும். பிறகு நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற எண்ணம் வரும். கடைசியில் ஒரு சின்ன வார்த்தையில் எல்லாம் போய்விடும். நிலைத்து நிற்பதும் அப்படித்தான்; தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிற்க வேண்டும்.

வேப்பமரத்தடியில் கட்டுண்டு கிடந்தவர் செய்தது அதுவே. அவரை எருமையில் ஏற்றிய தெருக்களிலேயே இன்று அவர் படத்தை ஊர்வலமாகக் கொண்டு போகிறார்கள். அவர் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். ஜனவரி 14-ந்தேதி வந்தால், ஆரல்வாய்மொழிக் காற்றில் அணையாதபடி கையால் மறைத்துக்கொண்டு, காற்றாடி மலையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.